ஒட்டாத பட்டை

2019 ஜூலை 2. பிரான்ஸின் லியோன் நகரில் பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்தின் அரையிறுதி. இங்கிலாந்துக்கு எதிராக அமெரிக்காவின் அலெக்ஸ் மார்கன் தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். அன்றைக்கு அவருக்கு 30ஆவது பிறந்தநாள் வேறு. போட்ட கையோடு, தேநீர்க் கோப்பையை உறிஞ்சுவதுபோலச் சைகை காட்டி இங்கிலாந்துக்காரர்களைச் சீண்டினார். பத்திரிகைகள் நாலு நாள் அதைப் பற்றியே பேசின. அவர் படம் எதை எடுத்துப் பார்த்தாலும் நெற்றிக்கு மேல், முடியை ஒதுக்கிப் பிடித்தபடி, இளஞ்சிவப்பில் ஒரு நாடா தெரியும். எந்தக் கம்பெனியும் தலைக்கென்று தயாரித்த நாடா இல்லை அது. கணுக்காலுக்கு டேப் சுற்றுமுன் அடியில் சுற்றுகிற ப்ரீ-ராப். கூட்டத்தில் பெற்றோர் தன்னைச் சட்டென்று அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று சின்ன வயதில் கட்டத் தொடங்கியது; உலகக் கோப்பை வரை கூடவே வந்துவிட்டது. அமெரிக்கப் பள்ளி மைதானங்களில் பெண் பிள்ளைகள் பலர் தலையிலும் அந்தப் பட்டையைப் பார்க்கலாம்.

மருந்துப் பெட்டியிலிருந்து தலைக்கு ஏறிய இந்தப் பொருளைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு சுருள் ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் அகலம், பிரித்தால் 27 மீட்டர் நீளம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அந்தப் பக்கம் மங்கலாகத் தெரியும். கத்தரிக்கோல் வேண்டாம், விரலாலேயே கிழிக்கலாம். பசை கிடையாது. தோலிலும் முடியிலும் ஒட்டாது. ஆனால் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்றைப் போட்டு லேசாக அழுத்தினால், முடிச்சில்லாமலே பிடித்துக்கொள்ளும். மெத்தையிலும் கார் இருக்கையிலும் இருக்கிற அதே பாலியூரித்தேன் நுரையை ஏடாக உரித்ததுதான் இது. உரிக்கும்போது குமிழிகள் அறுபட்டு, கண்ணுக்குத் தெரியாத விளிம்புகள் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்வதால்தான் பட்டை தன்னைத் தானே பிடிக்கிறது. உள்ளே குமிழிகளின் சுவர்கள் திறந்தே இருப்பதால் வியர்வை ஆவியும் வெளியேறிவிடும்.

பாலியூரித்தேன் 1937இல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பாயர் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்தில் பிறந்தது. அவர் நுரையைத் தேடிப் போகவில்லை. இழையும் பிளாஸ்டிக்கும் செய்யப் பார்த்தார். ஈரம் கொஞ்சம் கலந்துவிட்டால், ஐசோசயனேட் என்ற மூலப்பொருள் தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும். கூழ் இறுகுமுன் அந்த வாயு உள்ளேயே சிக்கிக் குமிழி குமிழியாக நின்றுவிடும். பொத்தல் விழுந்த அந்த மாதிரிகளைப் பார்த்து, போலிப் பாலாடைக்கட்டி செய்ய வேண்டுமானால் உதவும் என்று கம்பெனிக்குள்ளேயே கேலி பேசியதாக ஒரு கதை உண்டு. பிறகு அந்தப் பொத்தலையே வேண்டுமென்று வரவழைத்து விற்றார்கள்.

அதற்கும் கணுக்காலுக்கும் என்ன சம்பந்தம்? சுளுக்கிய கணுக்காலைப் பட்டி பட்டியாகப் பிளாஸ்திரி ஒட்டி இறுக்கும் முறையை 1895இல் நியூயார்க் மருத்துவர் வர்ஜில் கிப்னி எழுதி வெளியிட்டார். கூடை முடைவதுபோல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் கூடைப் பின்னல் என்றே அதற்குப் பெயர். அமெரிக்க விளையாட்டு அணிகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. தொல்லை என்னவென்றால், துத்தநாக ஆக்சைடு டேப் தோலை நன்றாகவே பிடிக்கும். ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் மேல்தோலில் ஒரு படலம் கூடவே வரும்; காலில் முடி இருந்தால் கேட்கவே வேண்டாம். பருவம் முழுக்க நாள்தோறும் டேப் போடுகிறவர்களுக்குத் தோல் புண்ணாகிக் கொப்புளம் கட்டும். அதனால் காலை மழித்து, சாம்பிராணிப் பிசின் கலந்த திரவத்தைத் தெளித்து, அதன்மேல் ஒட்டிவந்தார்கள். நுரைப்பட்டை வந்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. இட்லித் தட்டில் ஈரத்துணி விரிப்பதைப்போலத்தான்: மாவைத் தாங்குவது தட்டு, துணியின் வேலை இட்லி பிய்யாமல் வருவதற்கு மட்டும். கணுக்காலைத் தாங்குவது டேப், பட்டைக்குத் தாங்கும் வலுவே கிடையாது. நடுவில் நுரை இருந்தால் டேப்பின் பிடி தளர்ந்துவிடாதா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. தோலில் நேரே ஒட்டியும் பட்டைக்கு மேல் ஒட்டியும் அளந்து பார்த்த ஆய்வில், கணுக்கால் மடங்குவதைத் தடுப்பதில் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை.

வலுவில்லாததால்தான் அதற்கு இத்தனை வேலை வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன். தலைக்குக் கட்ட, தலைச்சுற்றளவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கிழித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் திரித்தால் கயிறாகிவிடும். பின்னந்தலையில் ஒரு முடிச்சு. ரப்பர் பேண்ட் முடியைப் பிய்க்கும், இது பிய்க்காது. துணி நாடா வழுக்கும், இது வழுக்காது. கால்பந்தில் ஷின் கார்டு நழுவாமலிருக்க அதன்மேல் இரண்டு சுற்று. குதிகாலில் ஷூ கடிக்கும் இடத்தில் வாசலின் தடவிய பஞ்சு வைத்து மேலே ஒரு சுற்று. மண்டையில் அடிபட்டுப் பஞ்சுக்கட்டு போட்டால், முடியில் பிளாஸ்திரி ஒட்டாதே, அதைப் பிடித்து நிறுத்த இது கைகொடுக்கும். தொடையில் அடிபட்டுக் கன்றிப்போன இடத்தைச் சுற்றி, திரித்த பட்டையை வடைபோல் வளையமாக வைத்தால், அடுத்த இடி வலிக்கும் இடத்தில் விழாமல் வளையத்தில் விழும். ஐஸ் பையை முழங்காலில் நிறுத்த, மட்டையின் கைப்பிடியைப் பருமனாக்க, நாலு கம்பைச் சேர்த்துக் கட்ட, அணித்தலைவிக்குக் கைப்பட்டையாக என்று சுருள் தீரும்வரை பிள்ளைகள் ஏதாவது கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

நடுவர் ஒப்புக்கொள்ளாதவையும் உண்டு. கால்பந்தின் நான்காவது விதிப்படி, காலுறைக்கு வெளியே எதைச் சுற்றினாலும் அந்த இடத்தில் காலுறை என்ன நிறமோ அதே நிறத்தில் இருக்க வேண்டும். மோதிரத்தையும் கம்மலையும் டேப்பால் மறைத்துக்கொண்டு ஆடுவதையும் அந்த விதி வெளிப்படையாகத் தடுக்கிறது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

சரி, பட்டைக்கு மேலே ஒட்டுகிற டேப்பாவது காலைக் காப்பாற்றுகிறதா? இங்கேதான் கதை சுவாரசியமாகிறது. 1962இல் லாரன்ஸ் ராரிக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும், டேப் போட்ட கணுக்காலின் பிடிமானத்தை உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். பத்தே நிமிடம் வேகமாக ஓடியாடியதில் டேப்பின் தாங்குதிறன் ஏறத்தாழ 40 விழுக்காடு போய்விட்டிருந்தது. அப்படியானால் ஆட்டத்தின் பிற்பாதியில் வெறும் அலங்காரம்தானா? 1973இல் ஜேம்ஸ் கேரிக்கும் ரால்ஃப் ரெக்வாவும் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களைத் தொடர்ந்து கவனித்து எழுதினார்கள்: டேப் போட்டவர்களுக்குச் சுளுக்கு குறைவு, அதிலும் முன்பே ஒருமுறை சுளுக்கியவர்களுக்கு நல்ல பலன். தளர்ந்துபோன டேப் எப்படிக் காப்பாற்றும்?

விடையின் ஒரு பகுதி 1965இலேயே இங்கிலாந்தில் கிடைத்திருந்தது. கணுக்காலின் வெளிப்புறத்தில் விரல் அகலம்கூட இல்லாத, எலும்புகளைப் பிணைக்கும் ஒரு லிகமென்ட், கால் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் கிழிவது. அது வெறும் கயிறு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஃப்ரீமன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும், அதற்குள் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகள் இருப்பதாகவும், லிகமென்ட் கிழியும்போது அவையும் அறுந்துபோவதாகவும் சொன்னார்கள். வீக்கம் வடிந்து, வலி போய், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகும் ‘கால் அப்பப்ப நழுவுது’ என்று விளையாட்டுப் பிள்ளைகள் சொல்வது இதனால்தான் என்பது அவர்கள் கருத்து. கண்ணை மூடி அந்தக் காலில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள், தள்ளாடுவார்கள். கால் மடங்குவது ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். மடங்கத் தொடங்கிய பிறகு மூளை செய்தி அனுப்பித் தசை இறுகுவதற்கு நேரம் போதாது. தரையைத் தொடுமுன்பே பாதம் சரியான கோணத்தில் இருந்தாக வேண்டும். தோலை இழுத்துப் பிடித்திருக்கும் டேப், தளர்ந்தாலும், ‘பாதம் இப்படி இருக்கிறது’ என்று தோல் வழியாக நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது என்று பலர் கருதுகிறார்கள். ஆடும் பலகையில் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சியும் அந்தக் காலக்கட்டத்தில் வந்ததுதான். இன்றைக்கும் பிசியோதெரபிஸ்ட் அதைத்தான் செய்யச் சொல்கிறார்.

பெரியவர்கள் கணக்கு இது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் காலில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வளரும் எலும்பின் முனைக்கருகே, குருத்தெலும்பாலான ஒரு மெல்லிய தட்டு உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். பெண்களுக்குச் சுமார் 14, 15 வயதிலும் ஆண்களுக்கு 16, 17 வயதிலும் அது எலும்பாகி மூடிக்கொள்ளும். அதுவரை அந்தத் தட்டு சுற்றியுள்ள எலும்பைவிட மென்மை. டொரன்டோ குழந்தைகள் மருத்துவமனையின் ராபர்ட் சால்ட்டரும், அவரோடு ஹாரிஸ் என்பவரும் 1963இல் இந்தத் தட்டில் விழும் முறிவுகளை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உலகமெங்கும் எலும்பு மருத்துவர்கள் அந்த எண்களையே இன்றும் சொல்கிறார்கள். முதல் வகையில் எலும்பு விலகாமல் தட்டு மட்டும் பிளந்திருக்கும். குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் படம் சுத்தமாகவே வரும். ஆகவே, ‘பிள்ளைகளுக்கு லிகமென்ட் கிழியாது, அதற்குமுன் தட்டுதான் பிளக்கும்’ என்று பல தலைமுறை மருத்துவ மாணவர்கள் படித்தார்கள். கணுக்கால் வீங்கி, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாத பிள்ளைக்கெல்லாம் மாவுக்கட்டு போட்டார்கள்.

இதை உடைத்ததும் டொரன்டோதான். அங்குள்ள மருத்துவர்கள் தலைமையில் 2016இல் வெளியான ஆய்வில், இப்படிப்பட்ட 135 பிள்ளைகளுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். தட்டு பிளந்திருந்தது நாலே பேருக்கு. பெரும்பாலானவர்களுக்கு லிகமென்ட் காயம், கிழியாது என்று பாடம் சொன்ன அதே லிகமென்ட். மிச்சப் பேரில் பலருக்கு எலும்புக்குள் கன்றல். பாடப்புத்தக வாசகம் ஒன்று ஐம்பது ஆண்டு நின்றது, அதைப் பெரிய அளவில் யாரும் படம் எடுத்துப் பார்க்காததாலும்தான்.

இதனால் பிள்ளையின் சுளுக்கை அலட்சியமாக விட்டுவிடலாம் என்று ஆகாது. மற்ற வகை முறிவுகள் உண்மையாகவே நேர்கின்றன. பிள்ளைகளின் எலும்பு முறிவுகளில் 15 முதல் 30 விழுக்காடுவரை வளர்ச்சித் தட்டைத் தொடுகின்றன என்பது பொதுவான கணக்கு. தட்டு கோணலாக ஒட்டிக்கொண்டால் கால் வளைந்து வளரும், அல்லது ஒரு கால் குட்டையாகும். நம் ஊரில் கால் பிசகினால் முதல் வேலையாக எண்ணெய் போட்டு நீவி விடுவார்கள். வலி நிற்காவிட்டால் புத்தூர் கட்டு. பெரியவர்களுக்கு எப்படியோ, வளரும் பிள்ளையின் வீங்கிய காலை, உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியாமல் இழுத்து நீவுவது எனக்குப் பயமாகவே இருக்கிறது. எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க எளிய வழி ஒன்றை 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்தார்கள். அடிபட்ட உடனும், பிறகு மருத்துவரிடம் போன பின்னும், நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? கணுக்காலின் இரு பக்கப் புடைப்பு எலும்புகளின் பின்விளிம்பில், கீழ்முனையிலிருந்து ஆறு சென்டிமீட்டருக்குள் அழுத்தினால் வலி எடுக்கிறதா? பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவில் துருத்தும் எலும்பிலோ உள்பக்க வளைவின் மேலுள்ள எலும்பிலோ வலிக்கிறதா? நடக்க முடியவில்லை என்றாலும், இந்த இடங்களில் ஒன்று வலித்தாலும் படம் எடுக்க வேண்டும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளிடமும் இது நன்றாகவே வேலை செய்கிறது.

கீழே விழாமலே வரும் வலிகளும் உண்டு. 1903இல் பாஸ்டனில் ராபர்ட் ஆஸ்குட், சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டர், ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாமல், ஓடியாடும் பிள்ளைகளின் முட்டிக்குக் கீழே வரும் ஒரு புடைப்பை விவரித்தார்கள். எக்ஸ்ரே கண்டுபிடித்து எட்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. முட்டிக்குள் பார்ப்பதே அப்போது புதுசு. முன்தொடைத் தசை முட்டிச் சில்லு வழியாக இறங்கி, கால் எலும்பின் முன்மேட்டில் ஒரு சின்ன வளர்ச்சித் தட்டில் பிடித்திருக்கிறது. குதிக்கும்போதும் உதைக்கும்போதும் அது இழுபடுகிறது. மடமடவென்று உயரம் ஏறும் வயதில் எலும்பு முந்திக்கொள்கிறது, தசை அந்த வேகத்தில் நீளாமல் இறுகி நிற்கிறது. பிடிப்பிடம் வலிக்கும், வீங்கும், சிலருக்கு அந்த மேடு வாழ்நாள் முழுக்க அப்படியே நின்றுவிடும். குதிகாலில் இதன் உடன்பிறப்பு ஒன்று. 1912இல் ஜேம்ஸ் செவர் எழுதியது. எட்டிலிருந்து பதினாலு வயதுப் பிள்ளை ஆட்டம் முடிந்ததும் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடந்தால் பெரும்பாலும் இதுதான். இரண்டும் தானாகவே ஆறும், தட்டு மூடினால் வலி நிற்கும். ஆட்டத்தைக் குறைக்க வேண்டும், முழுக்க நிறுத்த வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. டேப்பும் பட்டையும் வலியைக் கொஞ்சம் தணிக்கலாம். இழுபடும் எண்ணிக்கையைக் குறைக்காது.

எண்ணிக்கைதான் விஷயம் என்பதை முதலில் எழுத்தில் வைத்தவர்கள் பேஸ்பால்காரர்கள். சிறுவர் பந்துவீச்சாளர்களின் முழங்கை உள்பக்கத் தட்டில் வரும் கோளாறுக்கு 1960லேயே ‘லிட்டில் லீக் முழங்கை’ என்று பெயர் வந்துவிட்டது. ஆனாலும் நீண்ட காலம் எத்தனை இன்னிங்ஸ் வீசினான் என்றுதான் பார்த்தார்கள். ஒரு இன்னிங்ஸில் பத்துப் பந்தும் வரலாம், நாற்பதும் வரலாம். முழங்கைக்கு இன்னிங்ஸ் தெரியாது. 2007இல், சிறுவர் பேஸ்பாலை நடத்தும் லிட்டில் லீக் அமைப்பு பந்தையே எண்ணத் தொடங்கியது. 11, 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 85 பந்து. 66ஐத் தொட்டாலே இப்போது நாலு நாள் ஓய்வு.

பெண் பிள்ளைகளுக்குப் பெரிய பயம் முட்டி. திடீரென்று நின்று திரும்பும்போது, குதித்து இறங்கும்போது, முட்டிக்குள் குறுக்கே போகும் ஏ.சி.எல். என்ற லிகமென்ட் கிழிந்துவிடும். யாரும் இடித்திருக்க வேண்டியதில்லை. ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண் பிள்ளைகளைவிடப் பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. முட்டி உள்பக்கம் சாய இறங்குவது, பின்தொடைத் தசை வலு குறைவு, இடுப்பின் அமைப்பு, பயிற்சியே குறைவாகக் கிடைப்பது என்று காரணங்களை அடுக்குகிறார்கள். மார்கனும் தப்பவில்லை. 17 வயதில், 20 வயதுக்குட்பட்டோர் தேசிய அணிக்கு அழைப்பு வந்த கையோடு, பையன்களுடன் பயிற்சி ஆட்டம் ஆடும்போது அவருக்கு ஏ.சி.எல். போயிற்று. அவர் மீண்டு வந்து ஆடினார்; 2008இல் சிலியில் அந்த வயதுப் பிரிவின் உலகக் கோப்பையையே அணி வென்றது. எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

இதற்கு மேலே சுற்றும் எதுவும் உதவாது. உள்ளே தசைக்குச் சொல்லிக்கொடுப்பது உதவும். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 பெண் கால்பந்து ஆட்டக்காரர்களை வைத்து ஒரு பருவம் முழுக்க நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஒரு சாராருக்கு இருபது நிமிட வார்ம்-அப்: மெதுவோட்டம், ஒற்றைக்காலில் நிற்றல், முட்டி உள்ளே சாயாமல் குதித்து இறங்குதல், பின்தொடைக்கான பயிற்சி. மறுசாரார் வழக்கம்போல். செய்தவர்களுக்கு ஒட்டுமொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன; கடுமையான காயங்கள் பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்தன. கருவி எதுவும் வேண்டாம், செலவும் இல்லை. அதனால்தானோ என்னவோ அதை விற்க ஆளில்லை. நம் பள்ளி மைதானங்களில் பெரும்பாலும் வார்ம்-அப் என்றால் இன்னும் இரண்டு ரவுண்டு ஓட்டம்தான்.

கிரிக்கெட் பிள்ளைகளின் காயம் டேப் எட்டாத இடத்தில், கீழ்முதுகில். வேகப்பந்து வீச்சில் முன்கால் தரையில் இடிக்கும்போது முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, திருகவும் செய்கிறது. முதுகெலும்பின் பின்பக்க வளைவில் ஒரு ஒடுக்கமான இடம் ஒவ்வொரு பந்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விடும். பின்னால் வளைந்தால் வலி கூடுவது அதன் அடையாளம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது. 1973இல் மேற்கிந்தியப் பயணத்தின்போது ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 23 வயதில் இது வந்தது. உடலைச் சுற்றி மாவுக்கட்டு, பிறகு நீண்ட நாள் உடற்பயிற்சி, பந்துவீச்சு முறையிலேயே மாற்றம். 1974-75இல் திரும்பி வந்து இங்கிலாந்தை மிரட்டினார். அதே லில்லிதான் 1987இல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் தொடங்கியபோது வேகப்பந்து கற்றுக்கொடுக்க வந்தார். வேகப்பந்து வீசும் ஆசையோடு அங்கே போன பம்பாய்ப் பையன் ஒருவனை, நீ பேட்டிங்கைப் பார் என்று அவர் திருப்பி அனுப்பியது சச்சின் டெண்டுல்கரின் முதுகுக்கும் நல்லதாகப் போயிற்று.

முதுகுக்கும் பேஸ்பால் வழிதான், எண்ணுவது. இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த விதியில், 13 வயதுவரை ஒரு ஸ்பெல்லுக்கு ஐந்து ஓவர், நாளைக்குப் பத்து ஓவர், அவ்வளவுதான். வலைப்பயிற்சிக்கும் தனி வரம்பு. ஆனால் நன்றாக வீசுகிற பையன் ஒருவன் காலையில் பள்ளி அணிக்கு வீசுகிறான், மாலையில் அகாடமி, ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்களோடு டென்னிஸ் பந்து டோர்னமென்ட். மூன்று இடத்திலும் அவன்தான் முதல் ஓவர். பள்ளி சாருக்கு அகாடமிக் கணக்கு தெரியாது, அகாடமி கோச்சுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தெரியாது. வாரத்துக்கு மொத்தம் எத்தனை பந்து என்பது, வீட்டில் யாராவது காலண்டரில் குறித்துவைத்தால்தான் தெரியவரும்.